எல்லைக்கல்லும் மருந்துக் குளிகையும்



இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் பெருந்தெருவின் இரு மருங்கிலும், வயல்களின் நடுவே, ஓலை வேய்ந்த சிறு கொட்டில்கள் ஆங்காங்கே தென்படும். வழிப்போக்கர் அவற்றைக் காவற்குடில்கள் என்று எண்ணக்கூடும். உண்மையில் அவை மாணிக்கக் குழிகளின் வாய்கள். குழி தோண்ட விரும்புவோர் அதிகாரசபையிடம் உரிமம் பெறல் வேண்டும். எந்தக் காணி, யாருடைய காணி, அதன் எல்லை யாது என்பன எல்லாம் அங்கே கேட்கப்படும். தரையில் நின்று பார்ப்பவருக்கு அவ்வெல்லை தெளிவாகத் தெரியும். ஆனால் குழிக்குள் இறங்கியவர், 'இல்லம்' என்று சொல்லப்படும் பரற்படை போகும் திசையைப் பின்பற்றிப் பக்கவாட்டில் சுரங்கம் அறுத்துச் செல்வர். தலைக்குமேல் எவர் நிலம் இருக்கிறது என்பதை விளக்கின் மங்கலான ஒளியில் யார் அறிவார்? அங்கேதான் பிணக்குப் பிறக்கிறது.

இப்படி ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவர் தம் அயலவரை நோக்கி, "ஓடைக்கரை வரையில் என் காணிதான், இங்கே மண்வெட்டி வைக்காதே" என்று தடுக்கிறார். அயலவரும் அஞ்சி விலகிவிடுகிறார். சில ஆண்டுகள் செல்கின்றன. பழைய உரிமத்தின் காலம் முடியப்போகிறது. அப்பொழுது அதே மனிதர் அதிகாரியிடம் சென்று, "ஓடைக்கரை நிலம் இதுவரை எவருக்கும் உரியதாக இருந்ததில்லை, அதை நானே இப்பொழுது புதிதாகக் கண்டுபிடித்தேன், எனக்கு இன்னோர் உரிமம் தருக" என்று விண்ணப்பிக்கிறார். அதிகாரி என்ன சொல்லுவார்? அயலவரைத் தடுக்கும்போது அகன்றிருந்த எல்லை, புதிய உரிமம் கேட்கும்போது சுருங்கிவிடலாமா?

இக்கேள்வி மாணிக்கக் குழியோடு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ இதே கேள்வி, குருதிப் புற்றுநோய்க்கான மருந்து ஒன்றைக் குறித்து, சென்னையிலே தொடங்கி டில்லியிலுள்ள இந்திய உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. அதற்குக் கிடைத்த விடை பல்லாயிரம் நோயாளரின் வாழ்வைத் தொட்டது. அவ்வழக்கையும், அதன் உள்ளே கிடக்கும் சட்ட நுட்பத்தையும் எளிய முறையில் விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஆக்கவுரிமை என்பது யாது என்று காண்போம். தமிழ்நாட்டிலே இதனைக் காப்புரிமை என்பர். புதிய பொருளொன்றையோ செய்முறையொன்றையோ கண்டுபிடித்தவருக்கு, அதைக் குறிப்பிட்ட காலம் வரையில் பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு வழங்குகிறது. இக்காலத்தில் அது பெரும்பாலும் 20 ஆண்டு. இவ்வுரிமை இலவசமாகக் கிடைப்பதன்று. அது ஒரு பண்டமாற்று. கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தை எழுத்தில் வடித்து உலகுக்குக் கற்பிக்க வேண்டும். காலம் முடிந்ததும் அக்கல்வி எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

தோட்டப்புறத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. அவர்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை, ஆக்கவுரிமைகளின் நூதனசாலை என்றே சொல்லத்தக்கது. 1872-ஆம் ஆண்டில் வில்லியம் ஜாக்சன் என்பவர் அசாமிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் தமது உருட்டும் பொறியை நிறுவினார். அதற்குமுன் கொழுந்தைப் பெரும்பாலும் கையாலேயே உருட்டினர். சில ஆண்டுகளின் பின், சாமுவேல் டேவிட்சன் என்பவர் வெப்பக்காற்றினால் தேயிலையை உலர்த்தும் பொறியைச் செய்து அதற்குச் 'சிரோக்கோ' என்று பெயரிட்டார். 1881-இல் பெல்பாஸ்ற் நகரில் அவர் தொடங்கிய தொழிலகம் அப்பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. அப்பொறிகளுக்குரிய ஆக்கவுரிமைகள் காலாவதியாகி நெடுங்காலமாயிற்று. இன்று அவற்றின் அமைப்பை எவரும் பின்பற்றலாம். பண்டமாற்று நிறைவேறியது என்பதற்கு இதுவே சான்று.

இனி, ஆக்கவுரிமை ஆவணத்தில் இரண்டு பகுதிகள் இன்றியமையாதவை. ஒன்று விவரணம், மற்றது உரிமைக்கோரல். விவரணம் ஆசிரியரைப் போன்றது. கண்டுபிடிப்பு யாது, அதை எவ்வாறு செய்வது என்று அது கற்பிக்கிறது. உரிமைக்கோரல் வேலியைப் போன்றது. இன்ன எல்லைக்குள் பிறர் வரலாகாது என்று அது அறிவிக்கிறது.

ஓர் உதாரணம் காண்போம். கேகாலைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில் மழை பெய்யும் நாட்களில் பால்வெட்டு நின்றுபோகும். மரப்பட்டை நனையாமல் காக்க, வெட்டுக்கு மேலே ஒரு மழைக்காப்பைப் பொருத்துவதுண்டு. பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் புதுவகை மழைக்காப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உரிமைக்கோரலில், "மரத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் பிளாத்திக்குத் தகடு" என்று எழுதப்பட்டுள்ளது. மற்றொருவர் சற்றே சாய்ந்த தகட்டைச் செய்து விற்கிறார். அவர் வேலியைத் தாண்டினாரா, இல்லையா? 'நிமிர்ந்து' என்ற ஒரு சொல்லின் மேல் வழக்கு முழுவதும் தங்கி நிற்கும்.

இத்தகைய வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தே இருக்கிறது. கட்டடங்களில் கதவு சன்னல்களுக்கு மேலே வைக்கும் உருக்கு உத்தரம் பற்றியது அது. கற்னிக் என்ற நிறுவனம், தன் உத்தரத்தின் பின்பகுதி 'செங்குத்தாக' அமையும் என்று உரிமைக்கோரலில் எழுதியிருந்தது. போட்டியாளர் அதைச் செங்குத்திலிருந்து ஓரமைப்பில் 6 பாகையும் மற்றோர் அமைப்பில் 8 பாகையும் சாய்த்துச் செய்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம், எல்லை மீறப்படவில்லை என்றது. அதற்கும் மேலே பிரபுக்கள் சபையோ, மீறப்பட்டது என்று தீர்த்தது. கட்டடத் தொழில் அறிந்த ஒருவர் அச்சொல்லைக் கணித நூலார் போலத் துல்லியமாகக் கொள்வாரா, சுமையைத் தாங்குமளவுக்கு நிமிர்ந்திருந்தாற் போதும் என்று கொள்வாரா என்று டிப்ளொக் பிரபு கேட்டார். நோக்கமறிந்து பொருள்கொள்ளல் என்ற நெறி இவ்வாறு நிலைபெற்றது.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஒரே தாள், ஒரே சொல், ஆயினும் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் தீர்ப்பு மாறுகிறது. சாட்சி பொய் சொன்னாரா மெய் சொன்னாரா என்பதை அவர் முகத்தை நேரிற் கண்ட முதல் நீதிபதியே நன்கு அறிவார். மேன்முறையீட்டு நீதிபதி அதில் எளிதில் கைவைப்பதில்லை. ஆனால் ஆவணத்துக்குப் பொருள் கூறுவது சட்டத்தின் பாற்பட்டது. முதல் நீதிபதி கையில் வைத்திருந்த அதே ஆவணம் மேன்முறையீட்டு நீதிபதியின் கையிலும் இருக்கிறது. அவர் அதைப் புதிதாகப் படிக்கலாம். ஆகையினாலேயே உரிமைக்கோரலின் அகலம் பற்றிய வழக்குகள் பல மேன்முறையீட்டிலேயே முடிவு காண்கின்றன.

இனி மருந்து வழக்குக்கு வருவோம்.

எலும்பு மச்சையிலே பிறக்கும் ஒருவகைக் குருதிப் புற்றுநோய் உண்டு. 1960-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர், அந்நோயாளரின் கலங்களிலே வழக்கத்தினும் குறுகிய ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டனர். அதிலிருந்து பிறக்கும் கேடான நொதியம் ஒன்றே வெண்குருதிக் கலங்களைக் கட்டுக்கடங்காமற் பெருக்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்நொதியத்தைத் தடுக்கும் இரசாயனப் பொருள்களை, சுவிற்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தைச் சேர்ந்த யூர்க் சிம்மர்மன் என்ற விஞ்ஞானி ஆக்கினார். அவற்றுள் ஒன்று இமாற்றினிப். அந்நிறுவனம் பின்னர் மற்றொன்றுடன் இணைந்து நொவார்ட்டிஸ் ஆயிற்று.

சிம்மர்மனின் அமெரிக்க ஆக்கவுரிமை 1996-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் திகதி வழங்கப்பட்டது. அதன் உரிமைக்கோரல், இமாற்றினிப்பை மட்டுமன்றி, மருந்தாகப் பயன்படத்தக்க அதன் உப்புகளையும் தன் வேலிக்குள் அடக்கியிருந்தது. அவ்வுப்புகளுள் ஒன்று இமாற்றினிப் மெசிலேற்று. அந்த உப்பே 'கிளிவெக்' என்ற பெயரோடு 2001-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதுவரை சில ஆண்டுகளே வாழ்வர் என்று கணிக்கப்பட்ட நோயாளர், நாள்தோறும் குளிகை உண்டு நெடுங்காலம் வாழும் நிலை உண்டாயிற்று. இது மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளுள் ஒன்று, அதில் ஐயமில்லை.

இந்தியாவில் நிலை வேறு. அந்நாட்டின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு ஆக்கவுரிமை தந்ததேயன்றி, மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. ஆதலால் சிம்மர்மனின் கண்டுபிடிப்புக்கு இந்தியாவில் உரிமை இல்லை. 1995-இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியபின், பத்தாண்டு அவகாசத்துக்குள் மருந்துப் பொருளுக்கும் உரிமை தர இந்தியா கடமைப்பட்டது. இடைக்காலத்தில் வந்த விண்ணப்பங்களைப் பெட்டியொன்றில் இட்டு வைப்பது போலக் காத்து வைத்தனர்.

1998-ஆம் ஆண்டு யூலை மாதம் 17-ஆம் திகதி, சென்னையிலுள்ள ஆக்கவுரிமை அலுவலகத்தில் நொவார்ட்டிஸ் ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தது. அது இமாற்றினிப்புக்கு அன்று. அதன் மெசிலேற்று உப்புக்கும் அன்று. அவ்வுப்பின் 'பீற்றா' என்னும் ஒருவகைப் படிக வடிவத்துக்கு. இப்படிகம் நன்றாக வழிந்தோடும், ஈரத்தை எளிதில் உறிஞ்சாது, நிலைத்து நிற்கும். இவை அந்நிறுவனம் எடுத்துக்காட்டிய சிறப்புகள்.

2005-இல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தியபோது, 3-ஆம் பிரிவின் 'டீ' உட்பிரிவில் ஒரு தடையையும் இட்டது. அறிந்த பொருளொன்றின் புதிய வடிவம், அதன் பயன்திறனை மிகுதிப்படுத்தினாலன்றி, புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்பது அத்தடை. மும்பாயிலுள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும், நாட்கோ, சிப்லா, ரன்பாக்சி, ஹெற்றெரோ ஆகிய மருந்து நிறுவனங்களும் விண்ணப்பத்தை எதிர்த்தன. 2006-ஆம் ஆண்டு சனவரி மாதம் 25-ஆம் திகதி, சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நொவார்ட்டிஸ் ஓயவில்லை. அந்த உட்பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலே வாதாடியது. அவ்வாதம் 2007-ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 6-ஆம் திகதி தள்ளப்பட்டது. நிராகரிப்புக்கு எதிரான மேன்முறையீடு, சென்னையிலே அப்போது இருந்த அறிவுசார் சொத்து மேன்முறையீட்டு வாரியத்துக்கு மாற்றப்பட்டது. 2009-ஆம் ஆண்டு யூன் மாதம் 26-ஆம் திகதி வாரியம் ஒரு விசித்திரமான தீர்ப்பைத் தந்தது. பீற்றா வடிவம் புதியதே. அதில் கண்டுபிடிப்புக்குரிய அறிவு முயற்சியும் உண்டு. ஆயினும் அந்த உட்பிரிவின் தடையால் உரிமை இல்லை என்றது. இரு திறத்தாரும் பாதி வென்றனர், பாதி தோற்றனர். ஆகவே இரு திறத்தாருமே உச்ச நீதிமன்றத்தை நாடினர். நொவார்ட்டிஸ் தடையை எதிர்த்துச் சென்றது. நாட்கோவும் உதவிச் சங்கமும், 'புதியது' என்ற முடிவை எதிர்த்துச் சென்றன.

நேயர்களே, வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மெசிலேற்று உப்பு சிம்மர்மனின் பழைய ஆவணத்திலேயே அறியப்பட்ட பொருளாயின், பீற்றா வடிவம் அறிந்த பொருளின் மறுவடிவமே ஆகும். தடை வந்து பொருந்தும். அது அறியப்படாத பொருளாயின், நொவார்ட்டிசின் வழி எளிதாகும். ஆகவே சிம்மர்மனின் வேலி எதுவரை என்பதும், சிம்மர்மனின் பாடம் எதுவரை என்பதும் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்விகள்.

நொவார்ட்டிஸ் தரப்பு நுட்பமாக வாதிட்டது. "வேலி வேறு, பாடம் வேறு. சிம்மர்மனின் உரிமைக்கோரல் மெசிலேற்று உப்பைத் தன்னுள் அடக்கும். ஆனால் அதன் விவரணம் அவ்வுப்பை எவருக்கும் கற்பிக்கவில்லை. வேலிக்குள் இருந்தும் எவர் கண்ணிலும் படாத பொருள் அது. இமாற்றினிப்பிலிருந்து அவ்வுப்பைத் தேர்ந்தது ஒரு கண்டுபிடிப்பு, அதிலிருந்து பீற்றா படிகத்தை ஆக்கியது இன்னொரு கண்டுபிடிப்பு" என்பது அவ்வாதத்தின் சாரம்.

வாதம் வெறுங்கோணலன்று. பெருங்காட்டுக்கு வேலியிட்டவர் அதிலுள்ள ஒவ்வொரு மூலிகையையும் அறிந்திருப்பார் என்று சொல்ல முடியாது. இரசாயனத்தில் ஓர் உரிமைக்கோரல் எண்ணற்ற பொருள்களைத் தன்னுள் அடக்கக்கூடும்; அவை எல்லாவற்றையும் அது கற்பித்துவிட்டது என்று கொள்வது அந்த விஞ்ஞானிகளுக்கு அநீதியாகலாம். நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகிய இருவரும் இவ்வாதத்தைப் பொறுமையோடு ஆராய்ந்தனர். ஆராயும்போது, அந்நிறுவனத்தின் கடந்த காலச் செயல்களையும் எடுத்து முன்வைத்தனர்.

முதலாவது, கிளிவெக்கை விற்க அமெரிக்க அதிகாரிகளிடம் அனுமதி கேட்டபோது, அம்மருந்தைக் காக்கும் ஆக்கவுரிமையாக நிறுவனம் காட்டியது சிம்மர்மனின் ஆவணத்தையே. இரண்டாவது, அனுமதி பெறுவதில் கழிந்த காலத்துக்கு ஈடாக ஆக்கவுரிமைக் காலத்தை நீட்டுமாறு அமெரிக்காவில் கேட்டபோதும், நீட்டக் கோரியது சிம்மர்மனின் உரிமையையே. மூன்றாவது, நாட்கோ நிறுவனம் இமாற்றினிப் மெசிலேற்றை 'வீனற்' என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்க முற்பட்டபோது, 2004-ஆம் ஆண்டில் அதற்கு எதிராகச் சட்ட அறிவித்தல் சென்றது. அங்கே நாட்கோவின் கையைக் கட்டியதும் சிம்மர்மனின் உரிமைதான். மேலும், அப்பொருளின் மருத்துவ குணங்களை விளக்கிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் 1996-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞான ஏடுகளில் வெளிவந்திருந்தன.

ஓடைக்கரை மனிதரின் கதை நேயர்களுக்கு நினைவு வரும். அயலவரைத் தடுக்கையில், "மெசிலேற்று உப்பு என் காணியில் உள்ளது" என்ற அதே நாவு, புதிய உரிமம் கேட்கையில், "அது எவரும் அறியாத புதுநிலம்" என்றது. வேலியின் அகலத்தால் வரும் இலாபத்தைப் பெற்றவர், பாடத்தின் அகலத்தை மறுக்கலாகாது என்பதே நீதிமன்றத்தின் கருத்து.

நீதிமன்றம் அதனோடு நில்லாது, கொள்கையையும் கூறிற்று. வேலிக்கும் பாடத்துக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தால், ஆக்கவுரிமை என்ற பண்டமாற்றே குலைந்துவிடும். கற்பித்தது சிறிதளவு, தடுப்பது பெரிதளவு என்றாகிவிடும். அப்பொழுது உரிமையின் அளவைத் தீர்மானிப்பது கண்டுபிடிப்பின் உள்ளார்ந்த மதிப்பாக இராது; ஆவணத்தை எழுதிய சட்டத்தரணியின் சொல்வன்மையாகவே இருக்கும். அத்தகைய நிலையை இந்தியச் சட்டம் விரும்பவில்லை என்று நீதிபதிகள் கூறினர். ஆகவே இமாற்றினிப் மெசிலேற்று அறிந்த பொருளே என்று தீர்ந்தது. வாரியம் நொவார்ட்டிசுக்குத் தந்த அரைவெற்றியும் இதனால் நழுவிற்று.

எஞ்சியது பீற்றா படிகம். அறிந்த உப்பைவிட அதன் பயன்திறன் மிகுந்ததா? மருந்தின் பயன்திறன் என்றால் நோயைத் தீர்க்கும் திறனே என்று நீதிமன்றம் வரையறுத்தது. வழிந்தோடுதலும் ஈரம் உறிஞ்சாமையும் குளிகை செய்வோருக்கு நன்மை தருவன. அவற்றால் நோயாளிக்கு நோய் கூடுதலாகத் தணியும் என்பதில்லை. உடலிற் சேரும் அளவு 30 வீதம் மிகுகிறது என்று நிறுவனம் காட்டியது. ஆனால் அவ்வொப்பீடு மூலப்பொருளாகிய இமாற்றினிப்போடு செய்யப்பட்டது. மெசிலேற்று உப்போடு செய்யப்படவில்லை. அந்த மிகுதியால் நோய் தீர்க்கும் திறன் மிகுந்தது என்பதற்கும் சான்று இல்லை.

இவ்வேறுபாட்டை இரத்தினபுரி மக்கள் எளிதில் உணர்வர். 'கெவுடா' என்ற பால்நிறக் கல்லைக் கழுவித் துடைத்து அழகிய பெட்டியில் வைத்தாலும் அது கெவுடாவே. அதையே கடும் வெப்பத்தில் முறையறிந்து சூடேற்றினால் நீலக்கல்லாக ஒளிவிடும். ஒரு காலத்தில் இந்நாட்டார் மதிப்பறியாது மலிவாக விற்ற அக்கல்லைத் தாய்லாந்து வணிகர் வாங்கிச் சென்று சூடேற்றிப் பெரும்பொருள் ஈட்டினர். முன்னது வடிவ மாற்றம். பின்னது பயனின் மாற்றம். இந்தியச் சட்டம் கேட்டதும் அவ்வளவே: கல் ஒளிர்ந்ததா, கழுவப்பட்டதா?

2013-ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 1-ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. நொவார்ட்டிசின் மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. அதே வேளையில், படிப்படியான முன்னேற்றங்கள் எவற்றுக்குமே உரிமை இல்லை என்று தம் தீர்ப்பைக் கொள்ளலாகாது என்றும் நீதிபதிகள் எச்சரித்தனர். பயனுள்ள முன்னேற்றத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

இத்தீர்ப்பினால் என்ன விளைந்தது? கிளிவெக் மருந்தின் ஒரு மாத விலை இந்தியாவில் சுமார் 1,20,000 ரூபாய் எனப்பட்டது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. தம் நோயாளருள் மிகப்பெரும்பாலோருக்கு மருந்தை இலவசமாகவே வழங்கியதாக நொவார்ட்டிஸ் கூறியது. அதையும் மறைத்தல் நேர்மையன்று. எனினும், கொடையை நம்பி வாழ்வது ஒன்று. கடையில் வாங்கக்கூடிய விலையில் மருந்து இருப்பது வேறொன்று.

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021-ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தாலும், ஆண்டு முழுவதற்கும் மூன்று இலட்சம் இலங்கை ரூபாய்தான். அக்காலத்து நாணய மாற்று வீதத்தில் அது அம்மருந்தின் ஒரு மாத விலையைக்கூட எட்டாது. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்திலிருந்து மகரகமை வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளிக்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. அவ்வரசு வாங்கும் மருந்துகளிற் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருவது. சென்னையில் எழுதப்பட்ட ஓர் உரிமைக்கோரல் எவ்வளவு அகலம் என்பது சப்பிரகமுவ மலைகளையும் தொடுகிறது என்பது இதனால் விளங்கும். மருந்தின் பெயரைவிட அதன் பயனும் விலையுமே மக்களுக்கு முதன்மை என்ற உண்மையை இந்நாட்டில் முன்னரே வலியுறுத்தியவர் பேராசிரியர் சேனக்க பிபிலை. 1971-இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் சிந்தனையின் கனி.

இலங்கையில் இத்துறையை ஆள்வது 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆக்கவுரிமை வழக்குகள் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்தில் தொடங்குகின்றன. மேன்முறையீடு நாட்டின் உயர் நீதிமன்றத்துக்குச் செல்கிறது. 1971 வரையில் இறுதி மேன்முறையீட்டுக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலை நாடவேண்டியிருந்தது. இன்று எல்லைக்கல் எங்கே என்று தீர்க்கும் பொறுப்பு இந்நாட்டு நீதிபதிகளுடையதே.

இவ்வழக்கு இரு திறத்தாருக்கும் பாடம் தருகிறது. தோட்டத்து ஸ்டோரிலே பொறி திருத்தும் ஓர் இளைஞன் நாளை புதிய கருவியொன்றைக் கண்டுபிடிக்கலாம். தன் உரிமைக்கோரலை அவன் மிகக் குறுக்கி எழுதினால், அயலான் சிறு மாற்றத்தோடு தப்பிவிடுவான். தான் அறியாததையெல்லாம் அடக்கி மிக அகட்டி எழுதினால், அவ்வகலமே ஒருநாள் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கற்பித்த அளவுக்கு வேலி, வேலியின் அளவுக்குக் கற்பித்தல்: இதுவே பாதுகாப்பான வழி. பொதுமக்களுக்குரிய பாடமும் உண்டு. இந்நுட்பங்கள் வல்லுநருக்கு மட்டும் உரியன என்று ஒதுங்கிவிடலாகாது. சென்னை விண்ணப்பத்தை எதிர்த்தவர்களுள் நோயாளருக்காக நின்ற ஒரு சங்கமும் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குழிக்குள் இறங்குபவர் கையில் விளக்கோடு, தலைக்கு மேலே எவர் நிலம் என்ற நினைவையும் கொண்டு செல்லல் வேண்டும். ஓடைக்கரை ஒருவருடையதாயின், அது தடுக்கும்போதும் அவருடையது; கேட்கும்போதும் அவருடையது. எல்லைக்கல்லுக்கு இரண்டு இடம் இல்லை.